‘சிஸ்டம் பார்க்கிற தம்பி’ வேலை: ராமநாதபுரம் கரையோரக் கடைகளுக்குப் போகும் புதியவர்களுக்கு

“சிஸ்டம் ஓடல தம்பி, கொஞ்சம் வந்துட்டுப் போங்க.” கடைக்காரர் போனில் சொல்வது இவ்வளவுதான். போய்ப் பார்த்தால் பில் பிரின்டரில் பேப்பர் ரோலைத் திருப்பி மாட்டியிருப்பார்கள். இல்லையென்றால் நெட் போயிருக்கும், யுபிஐ சவுண்ட்பாக்ஸ் ஊமையாகியிருக்கும், மாடிக் கேமரா ஒன்று இருண்டிருக்கும், கணக்கு எழுதும் டேலி சாப்ட்வேர் திறக்காது. அவருக்கு எல்லாமே ‘சிஸ்டம்’தான்.

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை இந்தக் கரையில் இருப்பவை பெரும்பாலும் சின்னக் கடைகள், லாட்ஜுகள், மீன் கம்பெனிகள், ஐஸ் பிளான்டுகள். பிரின்டருக்கு ஓர் ஆள், கேமராவுக்கு ஓர் ஆள், வெப்சைட்டுக்கு ஓர் ஆள் என்று வைத்துக்கொள்ள அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. எல்லாவற்றையும் ஒருவரே பார்த்தால் அவருக்கு வருஷம் முழுக்க வேலை உண்டு. அதற்குக் கரண்ட், கேபிள், பேக்கப், பாஸ்வேர்டு ஆகிய நாலிலும் கை நன்றாகப் பழகியிருக்க வேண்டும். மீதியை வேலையில் நின்றபடியே கற்றுக்கொள்ளலாம்.

(பேப்பர் விஷயம் முதலில்: தெர்மல் ரோலை நகத்தால் கீறுங்கள். கறுப்புக் கோடு விழும் பக்கம்தான் பிரின்டர் தலையைப் பார்க்க வேண்டும். பாதி ‘பிரின்டர் ரிப்பேர்’ இதிலேயே முடிந்துவிடும். இதற்குக் காசு வாங்காதீர்கள். அடுத்த வேலை உங்களுக்குத்தான் வரும்.)

முதல் நாள்: பிளக் பாயின்டிலிருந்து தொடங்குங்கள்

புதுக் கடைக்குள் போனதும் கம்ப்யூட்டரில் கை வைக்க வேண்டாம். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில், 600 அல்லது 750 ரேஞ்சில் வைத்து மூன்று அளவு எடுங்கள். பேஸுக்கும் (கரண்ட் வரும் கம்பி) நியூட்ரலுக்கும் நடுவே 210 முதல் 250 வரை இருந்தால் சரி. பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே கிட்டத்தட்ட அதே எண் வர வேண்டும். 60, 100 என்று நிலையில்லாமல் ஆடினால் எர்த் வயர் எங்கோ விட்டிருக்கிறது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 3 வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது. 5ஐத் தாண்டினால் கடைக்காரரிடம் சொல்லியாக வேண்டும்.

அந்த மூன்றாவது அளவு பூஜ்யம் காட்டினால் உடனே நம்பிவிடாதீர்கள். கடையில் ஏசியும் ஃபிரிட்ஜும் ஓடும்போதும் அசையாமல் பூஜ்யத்திலேயே நின்றால், பிளக் பெட்டிக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்து வைத்திருக்கிறார்களா என்று வயர்மேனை விட்டுத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அப்படிச் சேர்த்திருக்கும் பாயின்டில் என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் கம்ப்யூட்டர் கேபினெட்டே பேஸ் ஆகிவிடும்.

எர்த் இல்லாத கடையில் கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்கும். பவர் சப்ளைக்குள் இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் வழியாகப் பாதி வோல்ட்டேஜ் உடம்புக்கு வருவதுதான் காரணம். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆளுக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் டிவிஆரில் (கேமராப் படத்தைப் பதியும் பெட்டி) எச்டிஎம்ஐ கேபிளைச் செருகும் நொடியில் போர்ட் போய்விடும். நம் பக்கத்தில் டிவி போர்டும் டிவிஆர் போர்டும் அடிக்கடி சாவதற்கு இது ஒரு பெரிய காரணம். மணல் தரை கோடையில் காய்ந்துவிடும், எர்த் பிடிக்காது. கடலுக்குப் பக்கத்தில் ஈரம் இருக்கும், ஆனால் எர்த்துக்காகப் புதைத்த ஜிஐ பைப்பை உப்பு தின்றுவிடும். எர்த் குழி பார்ப்பது லைசன்ஸ் உள்ள வயர்மேனின் வேலை. நீங்கள் அளந்து, எழுதிக் கொடுத்து, ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது யுபிஎஸ். பில் கவுன்டர் கம்ப்யூட்டருக்கு 600 விஏ போதும். உள்ளே 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி ஒன்று இருக்கும். எல்லாவற்றையும் சேவ் செய்துவிட்டு மெயின் சுவிட்சை அணைத்து நிமிடம் எண்ணுங்கள். ஐந்து நிமிடம்கூடத் தாங்காவிட்டால் பேட்டரியை மாற்றுங்கள். இந்த வெப்பத்தில் இரண்டு மூன்று வருஷத்துக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. லேசர் பிரின்டரை யுபிஎஸ்ஸில் மாட்டக் கூடாது. சூடாகும் நேரத்தில் அது இழுக்கும் கரண்டை 600 விஏ தாங்காது. வீட்டு இன்வெர்ட்டரில் கடையை ஓட்டுபவர்களும் உண்டு. கரண்ட் போகும்போதெல்லாம் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் இன்வெர்ட்டரின் பின்பக்கம் பாருங்கள். பல மாடல்களில் ‘யுபிஎஸ்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதை அந்தப் பக்கம் தள்ளினாலே சரியாகிவிடும்.

உப்பு

வெளியூர் வீடியோக்களைப் பார்த்துக் கற்றவர்கள் இங்கே தடுக்கி விழுவது இதில்தான். கடல் காற்று கொண்டுவரும் உப்புத்தூள் கண்ணுக்குத் தெரியாது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கரைந்து மெல்லிய உப்புத்தண்ணீர்ப் படலமாகிவிடும். நம் கரையில் இரவில் அந்த அளவைத் தாண்டாத நாள் குறைவு. அந்தப் படலம் கரண்டைக் கடத்தும், செம்பைப் பச்சையாக்கும். பகலில் கடை திறந்து மின்விசிறி ஓடியதும் காய்ந்துவிடும். ‘காலையில ஆன் ஆகல, பத்து மணிக்கு மேல தானா ஆயிடுச்சு’ என்று சொல்லும் கம்ப்யூட்டரைத் திறந்து பாருங்கள். ரேம் கால்கள் மங்கியிருக்கும்.

கம்ப்யூட்டரைக் கடை வாசலிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் தள்ளி வையுங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஒரு பக்கம், வாடைக்காற்று மாதங்களில் மறுபக்கம் என்று உப்பு வரும் திசை மாறும். பாம்பனிலும் மண்டபத்திலும் வடகடல், தென்கடல் இரண்டும் பக்கத்திலேயே என்பதால் தப்பிக்க மூலையே கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேபினெட்டைத் திறந்து சுத்தம் செய்வதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். முதலில் காய்ந்த பெயின்ட் பிரஷ், பிறகு புளோயர். புளோயர் அடிக்கும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அதுவே சுழன்று பேரிங் போகும். ரேம் கால்களை வெள்ளை ரப்பரால் தேய்த்து, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். உப்பு படிந்த போர்டைத் தண்ணீர்த் துணியால் துடைத்தால் கதை முடிந்தது.

கேமரா இணைப்பை எப்படி மூட வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். கேமரா உடம்பு ஐபி 67 (தூசியும் தண்ணீரும் புகாத தரம்) என்று போட்டிருந்தாலும் அதன் வாலில் தொங்கும் பிளக் ஐபி 67 அல்ல. செத்துப்போனதாகச் சொல்லப்படும் கேமராக்களில் பலவும் உயிரோடுதான் இருக்கும், வால்தான் அழுகியிருக்கும். இணைப்பு வெளியே தொங்காமல் பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸுக்குள் போக வேண்டும். பாக்ஸின் துளை கீழ்ப்பக்கம் இருக்கட்டும். கேபிள் பாக்ஸுக்குக் கொஞ்சம் கீழே இறங்கி, யு வடிவில் வளைந்து, மறுபடி மேலேறி உள்ளே போகட்டும். மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். செருகும் முன் பிளக்கின் வாயில் சிலிகான் டைஎலக்ட்ரிக் கிரீஸ் ஒரு பட்டாணி அளவு. மேலே தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்து, பாதிக்குப் பாதி ஏறும்படி சுற்றுங்கள். சாதாரணக் கறுப்பு டேப் ஒரே கோடையில் பசை உருகி அவிழும். ஸ்குரூ எஸ்.எஸ். 316 வாங்குங்கள், 304 உள்ளூர்க் கடையில் எளிதாகக் கிடைக்கும், ஆனால் அலை தெறிக்கும் தூரத்தில் அதுவும் பழுப்புப் புள்ளி விடும். 12 வோல்ட் அடாப்டரை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் வெளியே வைக்காதீர்கள்.

கேபிள்

மலிவான லேன் கேபிளில் பாதி செம்பே கிடையாது. அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பு முலாம். வாங்கும் முன் ஒரு கம்பியை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். அலுமினியம் வளைத்தால் ஒடியும், தூரத்தில் வோல்ட்டேஜை விழுங்கும். கேபிள் வழியாகவே கரண்ட் வாங்கும் கேமரா பகலில் ஓடி, இரவில் இன்ஃப்ராரெட் விளக்கு எரிந்ததும் அணைந்து அணைந்து வருவது இதனால்தான். செம்பு முலாம் கீறிய இடத்தில் உப்பும் சேர்ந்தால் கம்பி மாவாக உதிரும்.

லேன் கேபிள் முனையில் பிளக் மாட்டி கிரிம்ப் செய்யும் வரிசை, பின் 1 முதல் 8 வரை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. ஒரே ஓட்டம் 90 மீட்டருக்குள் இருக்கட்டும். கரண்ட் வயரோடு ஒரே பைப்பில் விடாதீர்கள்.

கேமரா கணக்கு

“எத்தன நாள் பதிவாகும்?” என்று கேட்பார்கள். கணக்குப் போட்டே பதில் சொல்லுங்கள். 2 மெகாபிக்சல் கேமரா, எச்.265 (வீடியோவைச் சுருக்கும் முறை), நொடிக்கு 2 மெகாபிட் என்று வையுங்கள். எட்டால் வகுத்தால் நொடிக்கு 0.25 மெகாபைட், ஒரு நாளின் 86,400 நொடிக்கு 21.6 ஜிபி. நாலு கேமராவுக்கு நாளொன்றுக்கு 86 ஜிபி. ஆக 1 டிபி டிஸ்கில் 11 நாள்தான். ஒரு மாதம் வேண்டுமென்றால் 4 டிபி போடச் சொல்லுங்கள். அசைவு இருந்தால் மட்டும் பதியும் முறையை வைத்து மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்கலாம். கடற்கரைக் காற்றில் ஆடும் பனையோலையும் தார்ப்பாயும் இருபத்துநாலு மணி நேரமும் அசைவுதான்.

டிவிஆரின் மணி சரியா என்று ஒவ்வொரு விசிட்டிலும் பாருங்கள். ஜிஎம்டி +5:30, நேரம் நெட்டிலிருந்து வரட்டும். அணைத்து ஏற்றும்போதெல்லாம் பழைய தேதிக்குத் தாவினால் உள்ளே இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது. திருட்டு நடந்த பிறகு பதிவில் மணி தப்பாக இருந்தால் போலீஸிடம் விளக்கியே ஓய்ந்துபோவார்கள். அட்மின் பாஸ்வேர்டை மாற்றாமல் வந்தால் வேலை முடியவில்லை என்று பொருள்.

கீழக்கரையில் முதலாளி துபாயில் இருந்துகொண்டு கடையைக் கேமராவில் பார்ப்பது சாதாரணம். பல நெட் இணைப்புகளில் ஒரு பொது முகவரியைப் பலர் பகிர்வதால் ரவுட்டரில் போர்ட் திறந்துவிடும் பழைய வழி பலிக்காது. டிவிஆர் கம்பெனியின் ஆப் வழியாகவே இணையுங்கள். அமீரகத்தில் வாட்ஸ்அப் கால் போகாது. அவருக்குப் பார்த்த வேலையை வாய்ஸ் மெசேஜாக அனுப்புங்கள், நாலு போட்டோவோடு. கடையில் இருக்கும் மருமகனுக்குச் சொன்னால் போதும் என்று நினைக்காதீர்கள். பணம் அங்கிருந்துதான் வரும்.

பில், டேலி, பழைய விண்டோஸ்

58 மில்லிமீட்டர் பிரின்டர் ஒரு வரியில் 384 புள்ளி அடிக்கும், 80 மில்லிமீட்டர் 576. தமிழில் பொருள் பெயர் வேண்டும் என்றால் 80 வாங்கச் சொல்லுங்கள். ‘கருப்பட்டி மிட்டாய்’ சின்னதில் மடங்கிவிடும். இந்த பிரின்டர்களில் பெரும்பாலானவற்றுக்குள் தமிழ் எழுத்து இல்லை. பில் சாப்ட்வேர் எழுத்தாக அனுப்பினால் கேள்விக்குறிகள் வரும். விண்டோஸ் டிரைவர் வழியாகப் படமாக அனுப்பும் செட்டிங்கைத் தேடுங்கள். பழைய பொருள் பட்டியல் பாமினி, வானவில் போன்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததாக இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும்.

டேலி டேட்டா ஃபோல்டருக்குள் ஒவ்வொரு கம்பெனியும் 10000, 10001 போல எண்ணையே பெயராகக் கொண்ட ஃபோல்டராக இருக்கும். டேலியை மூடிவிட்டுத்தான் காப்பி எடுக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஃபோல்டரை கூகுள் டிரைவ் நேரடியாக சிங்க் செய்யும்படி விடுவது எல்லோரும் செய்யும் தவறு; பாதி எழுதிய ஃபைல் மேலே போய், டேட்டா கெட்டுப்போகும். இரண்டு பென்டிரைவ், ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றி மாற்றி. வாரம் ஒரு ஜிப் ஃபைல் டிரைவுக்கு. மாதம் ஒருமுறை அந்த ஜிப்பை உங்கள் லேப்டாப்பில் டேலியின் எஜுகேஷனல் மோடில் (லைசன்ஸ் இல்லாமல் திறக்கும் முறை) திறந்து டிரையல் பேலன்ஸைக் கடையின் எண்ணோடு ஒப்பிடுங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

வரி எவ்வளவு என்று நீங்கள் முடிவு செய்யக் கூடாது, அது ஆடிட்டர் வேலை. ஆனால் மாற்றம் வந்ததைத் தெரிந்து வைத்திருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7500 ரூபாய் வரையுள்ள லாட்ஜ் அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். பழைய 12ஐயே பில்லில் ஓட்டிக்கொண்டிருக்கும் சாப்ட்வேரைப் பார்த்தால் சொல்லுங்கள்.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14உடன் சப்போர்ட் முடிந்தது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர் என்றால் விண்டோஸ் 11க்குத் தகுதி இல்லை. 256 ஜிபி எஸ்எஸ்டி போட்டால் அந்தப் பழைய பெட்டி வேகமாக ஓடும்தான். ஆனால் பேங்க் வேலையை அதில் பார்க்க வேண்டாம் என்று எழுதியே கொடுங்கள்.

யாருடைய ஜிமெயில்?

இந்தத் தொழிலில் வரும் சண்டைகள் பெரும்பாலும் இதில்தான். கடையின் கூகுள் மேப் பக்கம் வேலையை விட்டுப்போன பையனின் ஜிமெயிலில் இருக்கும்; ஓடிபி போகும் நம்பர் எப்போதோ ரீசார்ஜ் நின்றுபோனது. நீங்கள் அந்த அடுத்த பையனாகிவிடக் கூடாது. டொமைன், மேப், வாட்ஸ்அப் பிசினஸ், டிவிஆர் ஆப் எல்லாமே முதலாளியின் மெயில், முதலாளியின் நம்பர். உங்களை மேனேஜராக மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டுகளை ஒரு தாளில் எழுதி, கவரில் ஒட்டி, கல்லாவுக்குள் வைக்கச் சொல்லுங்கள். உங்கள் போனில் வேண்டாம். கடைக்கு ஒரு நோட்டு போட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம்: வாங்கிய தேதி, சீரியல் நம்பர், வாரண்டி, நீங்கள் என்றைக்கு என்ன செய்தீர்கள். நோட்டு கடையிலேயே இருக்கட்டும்.

கியூஆர் அட்டைக்கும் ஒரு பழக்கம் சொல்லிக்கொடுங்கள்: கடை திறந்ததும் தன் போனில் ஸ்கேன் செய்து தன் பெயர்தான் வருகிறதா என்று பார்ப்பது. மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போவது திறந்தவெளிக் கடைகளில் சுலபம். பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை என்பதையும் கல்லாவில் எழுதி ஒட்டுங்கள். ஏமாந்துவிட்டால் தயங்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930.

லாட்ஜுகளில் ஆதார் போட்டோ ரிசப்ஷன் பையனின் சொந்த வாட்ஸ்அப்பில் குவிந்திருக்கும். கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதார் வாங்கலாம் என்று சொல்லி, பழையதை அழிக்க வையுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் பதிய வேண்டும். அந்த லாகினும் முதலாளி பெயரில்தான். வருகிறவர்களுக்கான வைஃபையை பில் கம்ப்யூட்டரிலிருந்து பிரித்துத் தனி நெட்வொர்க்காக்குங்கள். பழைய தடித்த சுவருக்கு ரிப்பீட்டர் உதவாது. மாடிக்கு ஒரு ஆக்சஸ் பாயின்ட், கேபிளில். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் சேனல் 1, 6, 11 தவிர வேறு வேண்டாம்.

காலண்டரும் காசும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் கம்பெனிக்கும் ஐஸ் பிளான்டுக்கும் நேரம் இருக்கும், காசு இருக்காது. பெரிய பராமரிப்பை அப்போது செய்து, பொருள் காசை மட்டும் முன்னதாக வாங்கி, கூலியைத் தடை முடிந்து வாங்குவதாக எழுதிக்கொள்ளுங்கள். லாட்ஜுக்கு அதே மாதங்கள் சீசன். தை, ஆடி, மகாளய அமாவாசைக்கு மூன்று நாள் முன்பிருந்து ராமேஸ்வரத்தில் எந்த லாட்ஜிலும் எதையும் அப்டேட் செய்யாதீர்கள். படகு கரைக்கு வரும் காலையில் மீன் கம்பெனிக்குள் போய் பிரின்டரைக் கழற்றாதீர்கள். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று கேட்டதும் எல்லாக் கடைக்கும் ஒரே மெசேஜ்: பேக்கப் எடுங்கள், பென்டிரைவை வீட்டுக்குக் கொண்டுபோங்கள், யுபிஎஸ்ஸையும் கேபினெட்டையும் தரையிலிருந்து இரண்டடி தூக்கி வையுங்கள், பிளக்கையும் நெட் கேபிளையும் உருவுங்கள்.

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் 55 கிலோமீட்டர். போய்வர 110; லிட்டருக்கு 50 கொடுக்கும் பைக்கில் இரண்டு லிட்டருக்கு மேல் பெட்ரோல், சாலையிலேயே மூன்று மணி நேரம். ஒரு பேப்பர் ரோலுக்காக இதைச் செய்தால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்காது. தீவுக்கு வாரத்தில் இரண்டு நாள், கீழக்கரை-ஏர்வாடி ஒரு நாள் என்று பிரித்து, அந்த நாளில் ஐந்தாறு கடை பாருங்கள். விசிட்டுக்கு ஒரு தொகை, மாதச் சந்தா ஒரு தொகை, அவசரம் என்றால் இரு மடங்கு. மூன்றையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பொருளைக் கடைக்காரர் பெயரிலேயே பில் போட்டு வாங்குங்கள். உங்கள் கைக்காசைப் போட்டு ஹார்டு டிஸ்க் வாங்கிக் கொடுத்துவிட்டு, ‘அடுத்த பாட்டுக்கு (மீன்பாடு) தர்றேன்’ என்பதை நம்பி நிற்க வேண்டாம்.

கூப்பிடும் முறையும் வேலையில் ஒரு பகுதிதான். பலசரக்குக் கடையில் ‘அண்ணாச்சி’, கீழக்கரையில் வயதில் மூத்தவர் ‘காக்கா’, கருவாட்டுக் கடையில் ‘அக்கா’. ‘சார்’ என்று ஆரம்பித்தால் கம்பெனி ஆள் என்று நினைத்துப் பேரம் கூடும்.

படகு

படகுக்காரர்களும் கூப்பிடுவார்கள். விஎச்எஃப் வயர்லெஸ்ஸிலும், படகு இருக்கும் இடத்தைக் காட்ட மீன்வளத் துறை பொருத்திய டிரான்ஸ்பான்டரிலும் கை வைக்காதீர்கள். அவற்றைத் துறைக்கும் அதற்கு அனுமதி உள்ளவர்களுக்கும் விட்டுவிடுங்கள். ஜிபிஎஸ் கருவியில் செய்ய ஒரு வேலை உண்டு. வருஷக்கணக்கில் சேர்த்த கடலடிப் பாறை (பார்), வலை மாட்டும் இடம், நல்ல பாடு கிடைத்த இடம் எல்லாம் அதற்குள் புள்ளிகளாக இருக்கும். உப்பில் கருவி செத்தால் எல்லாம் போய்விடும். மெமரி கார்டு போடும் மாடல் என்றால் அந்தப் புள்ளிகளைக் கார்டில் ஏற்றலாம். படகுக்காரர் பக்கத்தில் இருக்கும்போதே இரண்டு கார்டில் எடுத்து, லேப்டாப்பில் ஃபைல் திறக்கிறதா என்று பார்த்து, இரண்டையும் அவர் கையில் கொடுங்கள். பிறகு உங்கள் லேப்டாப்பில் இருக்கும் பிரதியை அவர் பார்க்க அழித்துவிடுங்கள். பக்கத்துப் படகுக்காரர் அதைக் கேட்டு வருவார்.